கிள்ளான் சதுப்பு நிலத்தில் கொசு தேடிய மருத்துவர்

1901ஆம் ஆண்டில் கிள்ளான் பட்டணத்திலும் அதன் துறைமுகத்திலும் 582 பேர் இறந்தார்கள். அவர்களில் 368 பேரின் உயிரைக் குடித்தது காய்ச்சல். அன்றைய கிள்ளான் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த சிறிய ஊர். மறு ஆண்டில் அதே இடத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 59 பேர். 1905இல் அந்த எண்ணிக்கை 45.

இந்த இடைவெளியில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. தடுப்பூசியும் வரவில்லை. ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலம்தான் மாறியது. அதை மாற்றச் சொல்லி அரசாங்கத்தை இணங்க வைத்தவர், அப்போது 27 வயதே ஆகியிருந்த டாக்டர் மால்கம் வாட்சன்.

நான் கிள்ளானில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று நிறுவியவர் யார் என்று கேட்டால், ரொனால்ட் ராஸ் என்று என் மாணவர்களில் சிலராவது சொல்லிவிடுவார்கள். வாட்சனின் பெயரை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் உலகெங்கும் அறிந்த பெயர் அது. அவர் உழைத்த ஊரின் பிள்ளைகளும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூடப்படவிருந்த துறைமுகம்

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1895இல் பட்டம் பெற்றார். 1900இல் மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

அவர் வந்த நேரத்தைக் கவனியுங்கள். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்டில். அந்தக் கண்டுபிடிப்புக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பியவர்கள் மருத்துவர்களிடையேகூட இன்னும் இருந்தார்கள். கொசுவை ஒழித்தால் ஓர் ஊரின் மலேரியா ஒழியுமா என்பது விடை தெரியாத கேள்வியாக இருந்தது.

1901 செப்டம்பரில் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று அழைக்கப்பட்ட அதுவே இன்றைய போர்ட் கிள்ளான். அலையாத்திக் காட்டையும் சேற்று நிலத்தையும் ஒட்டி அது அமைந்திருந்தது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. சுமை ஏற்றி இறக்குவோர், இரயில்வே ஊழியர்கள், அரசாங்க எழுத்தர்கள், அவர்களின் குடும்பங்கள் என்று எல்லாரும் படுக்கையில் விழுந்தார்கள். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கிள்ளான் பட்டணத்திலும் ஆண்டிறுதி மழையோடு காய்ச்சல் உச்சத்துக்குப் போனது.

வாட்சனின் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. கொய்னா மருந்து கொடுத்து ஒருவரைக் குணப்படுத்தி அனுப்பினால், அதே வீட்டுக்குப் போய் அதே கொசுவிடம் கடிபட்டு மறுபடியும் அவர் காய்ச்சலோடு வருவார். ஆகவே, நோயாளிகளைப் பார்த்த கையோடு, அவர்கள் வாழ்ந்த இடத்தைச் சுற்றியிருந்த நீர்நிலைகளையும் அவர் பார்க்கத் தொடங்கினார். குட்டைகளில் கொசுப்புழுக்களை எடுத்து, வளர்த்து, எந்த இனம் என்று பிரித்துப் பார்த்தார்.

கிள்ளான் குன்றுகளுக்கு இடையே தேங்கிய சதுப்பு நிலங்களின் காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி நீரை வடிய விட வேண்டும் என்றும், துறைமுகப் பகுதியில் கரை எழுப்பிக் கடல் நீர் ஏறாமல் தடுத்து உள்நிலத்தை உலரச் செய்ய வேண்டும் என்றும் பரிந்துரை போனது. சிலாங்கூரின் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. துறைமுகம் மூடப்படவில்லை.

பலனைக் காட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் பணியாற்றிய அரசாங்க ஊழியர்கள் மலேரியாவுக்காக 1901இல் எடுத்த விடுப்பு 1,026 நாள். 1902இல் 198 நாள். 1905இல் வெறும் 30 நாள்.

ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்

இங்கே நீங்கள் ஒரு சந்தேகம் எழுப்ப வேண்டும். கொள்ளை நோய் தானாக ஏறித் தானாக இறங்கும் இயல்புடையது. 1902இல் நோய் குறைந்ததற்கு வாய்க்கால்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? காலம் கனிந்து அதுவே ஓய்ந்திருக்கலாம் அல்லவா?

வாட்சன் இந்தச் சந்தேகத்துக்கு விடை வைத்திருந்தார். கிள்ளான் மாவட்டத்தின் நாட்டுப்புறப் பகுதிகளில் வடிகால் வேலை நடக்கவில்லை. அங்கும் இறப்புகள் பதிவாயின. பட்டணத்தில் காய்ச்சல் இறப்பு 368இலிருந்து 45ஆக இறங்கிய அதே ஆண்டுகளில், நாட்டுப்புறத்தில் அது 266இலிருந்து 351ஆக ஏறியது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். வேலை நடந்த இடத்தில் நோய் விழுந்தது. நடக்காத இடத்தில் விழவில்லை. ஆய்வுக்கூடச் சோதனையில் கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்றை வைத்துக்கொள்ளும்படி உங்களுக்குச் சொல்லித் தருகிறோமே, அதைத்தான் அவர் ஒரு மாவட்டத்தின் அளவில் செய்தார்.

நாட்டுப்புற எண்ணிக்கை ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் ரப்பர் தோட்டங்கள் வேகமாகத் திறக்கப்பட்டு மக்கள்தொகை பெருகியது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எத்தனை பேரில் எத்தனை என்று விகிதமும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தோட்டங்களில் செத்தவர்கள்

அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் இருந்தவர்கள் நம்மவர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்து, காடு வெட்டிப் பால்மரம் நட்டவர்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொய்னா குடிக்க வைப்பார்கள் என்று என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கசப்புக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கையைப் பிற்பாடுதான் படித்தேன். 1911 என்ற ஒரே ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 9,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் அதிகம். மலேரியா அதில் பெரும் பங்கு வகித்தது.

வாட்சன் 1907வாக்கில் அரசாங்கப் பணியை விட்டு, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் மருத்துவரானார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தோட்ட முதலாளிகள். ஆள் செத்தால் மறுபடி ஆள் பிடிக்கச் செலவு, நோயில் படுத்தால் பால் வெட்டு நிற்கும் என்ற கணக்கைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். வடிகால் வெட்டும் செலவைவிட நோயால் வரும் இழப்பு பெரிது என்று வாட்சன் காட்ட வேண்டியிருந்தது. இந்த வரலாற்றைப் படிக்கும்போது அதையும் நாம் மறக்கக்கூடாது.

தோட்டங்களில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய அவர் ஓர் எளிய முறையைக் கையாண்டார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். இடது விலா எலும்பின் கீழே விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். லயன் வீடுகளின் முன்னே குழந்தைகளை வரிசையாக நிறுத்தி அவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பெரியவர்கள் எந்த ஊரில் நோய் வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தைகளோ அந்த லயனிலேயே வளர்பவர்கள். அவர்களின் மண்ணீரல் அந்த இடத்தின் கதையைச் சொல்லும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்பதே அவருடைய அளவுகோல். யாரும் காய்ச்சலோடு படுக்காத நாளிலும் அந்த அளவுகோல் வேலை செய்தது.

மலைத்தோட்டம் கற்பித்த பாடம்

இப்படித் தோட்டம் தோட்டமாக எடுத்த கணக்கில் ஒரு விந்தை தெரிந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி வாய்க்கால் வெட்டினால் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கம் குறைந்தது. காட்டிலிருந்து சுமார் அரை மைல் தள்ளி லயன் கட்டினால் இன்னும் நல்லது. ஆனால், உள்நாட்டு மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தும் நோய் குறையவில்லை. காடு வெட்டிப் பல ஆண்டுகள் ஆன இடங்களிலும் குழந்தைகளின் வயிறு வீங்கியே இருந்தது.

கிள்ளானில் வென்ற முறை மலையில் ஏன் தோற்றது? விடை கொசுப்புழுவில் இருந்தது. சமவெளியில் மலேரியாவோடு அவர் தொடர்புபடுத்தியது அனோஃபிலஸ் அம்புரோசஸ் கூட்டத்தைச் சேர்ந்த கொசு. காட்டு நிழலில் தேங்கிக் கிடக்கும் கறுத்த நீரில் முட்டையிடுவது அது. காட்டை வெட்டி வெயில் பட்டதும், நீர் வடிந்ததும் அதற்கு வாழ்விடம் போய்விடும். மலையில் இருந்தது வேறு இனம்: அனோஃபிலஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் ஊற்று நீரே அதற்குப் பிடித்தமானது. நிழல் மூடிய மலை ஓடையில் அது பெருகாது. காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் அதற்கு விருந்து வைத்தது போலாகிவிடும்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் உயிர் காத்த அதே வேலை, முப்பது மைல் தள்ளி இன்னோரிடத்தில் உயிர் வாங்கும். கிள்ளானின் வெற்றியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தோட்டங்களுக்கும் விரித்திருந்தால், மலைத்தோட்ட லயன்களில் இன்னும் பல குடும்பங்கள் அழிந்திருக்கும்.

எனவே மலைக்கு வேறு வழி தேடப்பட்டது. பள்ளத்தாக்கின் ஊற்று நீரைச் சுட்ட மண் குழாய்களில் நிலத்தடியே ஓடவிட்டார்கள். வெளியே நீர் தெரியாவிட்டால் கொசு எங்கே முட்டையிடும்? அப்படிப்பட்ட வேலை நடந்த தோட்டங்களில் ஒன்று சீஃபீல்டு. இன்று அந்த மண்ணில்தான் சுபாங் ஜெயாவின் யு.எஸ்.ஜே. வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. பனாமா கால்வாய்ப் பகுதிக்குச் சென்று பார்த்துத் திரும்பிய பிறகு, ஓடைகளின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையையும் வாட்சன் பரப்பினார். எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவின் மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயல வேண்டாம். அந்த இடத்தில் நோய் பரப்பும் இனம் எது என்று கண்டு, அதன் வாழ்விடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதே அவர் வந்தடைந்த முடிவு. 1913இல் மலாயாவுக்கு வந்து இந்த வேலையைப் பார்த்த டச்சு அறிஞர் சுவெல்லன்கிரெபல், இம்முறைக்கு இனவாரிச் சுகாதாரம் என்ற பொருளில் பெயர் சூட்டி, இந்தோனேசியாவுக்குக் கொண்டு சென்றார். கூட்டரசு மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றி வாட்சன் எழுதிய நூல் 1911இலும், அதன் விரிந்த பதிப்பு 1921இலும் வெளிவந்தன. 1924இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

1928இல் அவர் மலாயாவை விட்டு இங்கிலாந்து திரும்பி, இலண்டனில் ராஸின் பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். கிள்ளானில் கற்றதை ஆப்பிரிக்காவில் இன்றைய ஜாம்பியாவின் செம்புச் சுரங்கங்களுக்கும், இந்தியாவின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார். 1932இல் ராஸ் மறைந்த பின் அக்கழகத்தின் இயக்குநரானார். 1955 டிசம்பரில், 82 வயதில் காலமானார்.

அவருடைய பெயர் நூல்களில் இருக்கிறது. சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் இல்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்து வரிசையில் நின்ற குழந்தைகளின் பெயர்களும் இல்லை. அவர்களும் இந்த அறிவியலின் பங்காளிகள் என்றே நான் என் வகுப்பில் சொல்லுகிறேன்.

கண்காணிப்பு நின்றால்

வாட்சனின் வேலைக்கு ஓர் இயல்பு உண்டு. செய்துகொண்டே இருக்க வேண்டும். வாய்க்காலில் புல் மண்டினால், குழாய் உடைந்தால், எண்ணெய் தெளிப்பு நின்றால் கொசு திரும்பி வரும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் இந்த வேலைகள் தளர்ந்தன. மலேரியா மீண்டும் தலைதூக்கியது.

மலேரியாவை உண்டாக்குவது ஒட்டுண்ணி. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கை அச்சுறுத்தும் டிங்கியை உண்டாக்குவது வைரஸ். பரப்புவதும் வேறு கொசு: ஏடிஸ். அது சதுப்பு நிலத்தைத் தேடிப் போவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பூந்தொட்டித் தட்டிலும், கூரைத் தாழ்வாரத்திலும், கட்டுமானத் தளத்தின் வாளியிலும் முட்டையிடும். 2019இல் மட்டும் நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

ஆயினும் கேள்வி வாட்சன் கேட்டதுதான். எந்தக் கொசு, எங்கே, எதைச் சுமந்துகொண்டிருக்கிறது? கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தை மையமாகக் கொண்டு பிற்காலத்தில் கொசுக்களைப் பிடித்து, இனம் பிரித்து, அவற்றில் வைரஸ் உண்டா என்று தேடும் பணி வளர்ந்தது. 1955இல் இந்நாட்டுக் கொசுக்களில் கண்டெடுத்த ஒரு வைரஸுக்கு, ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான கெத்தா என்றே பெயர் வைத்தார்கள். 1966இல் பகாங், பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் கொசுக்களில் சிக்கா வைரஸ் இருந்தது தெரியவந்தது. அப்போது அங்கே சிக்கா என்று யாரும் மருத்துவமனைக்கு வரவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில் உலகமே அந்நோயைப் பற்றிப் பேசிய வேளையில், மலேசியச் சுகாதார அமைச்சு அறிவித்த முதல் சிக்கா சம்பவம் கிள்ளானில் பதிவானது. அதற்கு முன், 1998 இறுதியில், நாட்டின் முதல் சிக்குன்குனியா பரவலும் போர்ட் கிள்ளானில்தான் தொடங்கியது. வாட்சன் காப்பாற்றிய அதே துறைமுகம். கப்பலும் ஆளும் வந்து போகும் இடத்தில் வைரஸும் வந்திறங்கும்.

இப்போது சிலாங்கூர் அடுக்ககங்களில் பசைத் தாள் வைத்த பொறிகளில் ஏடிஸ் கொசுவைப் பிடித்து, டிங்கி நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும் அதே வகைச் சோதனைப் பட்டையால் கொசுவையும் சோதிக்கும் முறையை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். குடியிருப்பாளர்களிடையே டிங்கி பதிவாகும் முன்பே கொசுவில் வைரஸ் தென்பட்டது. அந்தச் சில நாள் அவகாசத்தில் தேங்கிய நீரை அகற்றலாம், மக்களை எச்சரிக்கலாம்.

மாணவர்களே, உயிரியல் படித்தால் மருத்துவராகத்தான் ஆக வேண்டும் என்று பலர் எண்ணுகிறீர்கள். பூச்சியியல், பொதுச் சுகாதாரம், சுகாதார ஆய்வாளர் பணி என்று வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. அந்த வேலையில் வெற்றி பெற்றால் கைதட்ட ஆள் இருக்காது. ஏனென்றால் நோய் வந்திருக்காது. நோய் இல்லாத காலத்தில் இந்தச் செலவு எதற்கு என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்விக்கு 368, 59, 45 என்ற மூன்று எண்களை விடையாக எடுத்துச் சொல்லுங்கள்.